கண்டி வாவிக்கரையில் ஒரு நாள்

கண்டிக்கு வருவோர் பெரும்பாலும் இரு வகையினர். தலதா மாளிகையைத் தரிசிக்க வருவோர் ஒரு வகை. காடும் பறவையும் காண வருவோர் மற்றொரு வகை. முன்னவர் வாவியை வழியிற் கண்ட நீராகக் கருதிக் கடந்துவிடுவர். பின்னவரோ உடவத்தைக் காட்டுக்குள் நுழைந்துவிடுவர். நேயர்களே, இவ்விரு காட்சியையும் ஒரே நாளில், ஒரே நீர்க்கரையிற் காணக்கூடும். ஆனால் நேரம் அறிந்து வரவேண்டும்.

இதனை நான் கற்றது என் பிழையினாலேயே. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களை அழைத்துக்கொண்டு அம்பிட்டியவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டேன். இறக்கமான பாதை, ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். வழியில் அம்பிட்டியக் குருமடத்தைக் காட்டினேன். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் நிறுவிய கல்லூரி அங்குதான் இருந்தது. 1955இல் அது பூனாவுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு பேசிப் பேசி வாவியை அடைந்தபோது மணி ஒன்பது. கரையோரப் பெருமரங்களின் கீழே வெள்ளை எச்சம் கோலமிட்டாற்போற் கிடந்தது; மேலே பறவைகளைக் காணோம். “ஐயா, குருவியெல்லாம் எங்கே?” என்றான் ஒரு சிறுவன். எனக்கு விடை தெரியவில்லை.

விடை எளியதே. வாவி மரங்கள் நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் துயிலுமிடம். பொழுது புலரும்போதே பெரும்பாலானவை மகாவலிக் கரைக்கும் வயல்நிலங்களுக்கும் இரைதேடிப் போய்விடும், மாலையில்தான் மீளும். ஆகவே இப்பொழுது நாம் ஐந்தரை மணிக்கே கரையில் நிற்கிறோம். மாளிகையில் வைகறைப் பூசையின் முரசு அதிர்கின்ற வேளை அது. கொக்குகள் கிளம்பும்போதே இரவெல்லாம் இரைதேடிய வக்கா திரும்பிவரும். எஞ்சி நிற்கும் நீர்க்காகம் மூழ்கி எழுந்து சிறகை விரித்து உலர்த்தும். அதன் இறகு எளிதில் நனைவது. நனைவதனாலேயே ஆழ மூழ்கி மீன் பிடிக்க அதற்கு இயலுகிறது.

வெயில் ஏறியபின் ஊர் காணலாம். இந்த வாவி இயற்கையானதன்று. வயலாய்க் கிடந்த நிலத்தில், 1807ஆம் ஆண்டளவில், தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியைக் கொண்டு ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அமைத்தது. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய அம்மன்னன் நாயக்கர் வழியினன். ஊழியத்துக்கு இழுக்கப்பட்ட குடிமக்கள் மனம் கசந்தனர். 1815இல் அரண்மனையின் மகுல் மடுவத்திலேயே இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மன்னன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் இறந்தான். கரையிலுள்ள முகிற்சுவரின் மாடக்குழிகளை மாணவர் விரலால் தொட்டுப் பார்ப்பர். விளக்கேற்றுவதற்கென விடப்பட்டவை அவை. எதிரே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் உள. பத்தினி நம் கண்ணகியே என்றவுடன் பிள்ளைகளின் முகத்திலே தோன்றும் வியப்பு, பாடநூலால் வருவதன்று. அரசியர் வாழ்ந்த மாளிகையிலுள்ள நூதனசாலையை நண்பகல் வெப்பத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, அந்த எச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நடைபாதை அழுக்காகிறது, நாற்றம் வீசுகிறது, கிளைகளைத் தறித்துவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். அவர்கள் சொல்வதிற் பொய்யில்லை. வெள்ளைச் சட்டையுடன் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் துன்பத்தை நான் அறிவேன். எனினும் தமிழ்நாட்டு வேடந்தாங்கலை நோக்குங்கள். அதுவும் மனிதர் வெட்டிய ஏரியே. எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அவ்வூரார் கண்டனர். வேட்டைக்காரரைத் தடுக்கும் உரிமையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியாளரிடம் எழுதி வாங்கினர். கண்டியில் வயல் நீராகிவிட்டது. உரம் கொள்ள நிலமில்லை. அதனாற்றான் அங்கே செல்வமாயிருப்பது இங்கே குப்பையாயிற்று. பாதையைக் கழுவ ஆளும் நீரும் போதும். தறித்த பெருமரம் மீண்டும் வளர ஒரு தலைமுறை வேண்டும். 1971இல் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையும், ஈரநிலம் இயற்கையா செயற்கையா என்று வேற்றுமை பாராட்டவில்லை.

மாலை ஆறு மணிக்கு மீண்டும் கரைக்கு வாருங்கள். முதலில் நாலைந்தாக, பின்னர் வரிசை வரிசையாகக் கொக்குகள் வந்திறங்கும். இடத்துக்காகக் கிளைதோறும் சச்சரவு நடக்கும். ஆறரைக்கு மாளிகையின் முரசு மறுபடியும் ஒலிக்கும். அவ்வேளை ‘குவக்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்து வக்கா வெளியே பறந்துபோகும். மரத்தடியில் நின்று பார்க்க விரும்புவோர் குடை கொண்டு வருக.