முடிவில்லா இசையை எவ்வாறு மதிப்பிடுவது?

மேலைச் செவ்வியல் இசையில் பயின்ற செவிக்குக் காணொளி விளையாட்டு இசை குறையுடையதாகவே தோன்றும். ஒரு கருப்பொருள் தோன்றி, வளர்ந்து, நிறைவெய்துவதை எதிர்பார்க்கும் நமக்கு, அது ஓயாது தொடக்கத்திற்கே திரும்புவது சலிப்பூட்டுகிறது. இக்குறையின் காரணத்தையும் நாம் அறிதல் வேண்டும்.

1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ இசையமைத்தார். இசை உட்பட ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆடுபவர் எப்பொழுது வீழ்வார், எப்பொழுது வெல்வார் என்பதையும் அவர் முன்னறிய இயலாது. ஆதலின் இசை சுழன்றது. எனினும், எஞ்சிய நேரம் 100க்குக் குறைந்ததும் அது விரைவுபெறுகிறது. ஆடுபவரின் பதற்றமும் உடன் பெருகுகிறது.

அரங்கில் இசையின் போக்கிற்கு நாம் காத்திருக்கிறோம். இங்கோ இசை நமக்காகக் காத்திருக்கிறது. ஆகவே, ஆட்டத்தோடு அது எவ்வாறு இயைகிறது என்பதையே முதலில் வினவுவோம். அதன் பின்னரும் சலிப்பூட்டுமாயின், அதுவே மெய்யான குறை.