குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

துன்பம் வந்தால் கடவுள் காப்பாற்றுவார் என்கிறோம். அப்படியானால் நம் பங்கு என்ன? அவரை நாம் பற்றிக் கொள்ள வேண்டுமா, அவர் நம்மைப் பற்றிக் கொள்வாரா? தமிழ் வைணவர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்து வரும் கேள்வி இது. கணினித் துறையில் இருக்கும் எனக்குத் தத்துவப் பயிற்சி கிடையாது. ஆனாலும் ஒரு கேள்வியை இத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த விதம் என்னை ஈர்த்தது.

இதை விளக்க இரண்டு உவமைகள் உண்டு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக் கொள்கிறது. மரத்துக்கு மரம் தாவுவது தாய்தான். பிடியை விடாதிருப்பது குட்டியின் பொறுப்பு. இது மர்க்கட நியாயம். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே கவ்வித் தூக்கிச் செல்கிறது. இது மார்ஜார நியாயம். முதலாவது வடகலையாருக்கும் இரண்டாவது தென்கலையாருக்கும் உரியது என்பது வழக்கு.

உவமையோடு நின்றுவிட்டால் இரு தரப்பையும் தவறாகப் புரிந்து கொள்வோம். வடகலையாரின் ஆசாரியரான வேதாந்த தேசிகர், மனித முயற்சியை அருளுக்குக் கொடுக்கும் விலையாகச் சொல்லவில்லை. அருள் இறங்க நம் பக்கம் ஒரு சிறு சாக்கு வேண்டும் என்கிறார்; 'வியாஜம்' என்று அதற்குப் பெயர். தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியரோ, சரணடைந்ததையே நம் சாதனையாக எண்ணக் கூடாது என்கிறார். காப்பவன் அவன், அவன் வரும்போது விலக்காமல் இருந்தால் போதும். இன்னொன்று: சரணாகதியின் முதன்மையான பயன் மோட்சம். பிரபத்தி செய்தவனுக்கு வெள்ளமும் நோயும் வராது என்று இருவருமே உறுதி தரவில்லை.

இந்த இருவருக்கும் ஒரே சமயத்தில் சோதனை வந்தது என்கிறது வைணவ மரபு. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. மூலவரை மறைத்துக் கல்சுவர் எழுப்பினார்கள். உற்சவரான நம்பெருமாளைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டு தெற்கே போனவர், வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியர். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. தேசிகரோ பிணக்குவியலுக்கு நடுவே கிடந்து, ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான 'சுருதப்பிரகாசிகை'யின் சுவடியையும் அதன் ஆசிரியருடைய இரு பிள்ளைகளையும் காப்பாற்றினாராம். பின்பு கர்நாடகத்துச் சத்தியாகாலத்தில் இருந்தபோது 'அபீதிஸ்தவம்' பாடினார். அபீதி என்றால் அச்சமின்மை. நம்பெருமாள் பல ஊர்கள் சுற்றி, விஜயநகரத்தின் தளபதி கோபணாரியரின் முயற்சியால் அரங்கம் திரும்பியது 1371-இல். இடையில் 48 ஆண்டுகள்!

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'நீ ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனை தூக்கிச் செல்லும்' என்ற நெறிக்கு உரியவர்தான், தள்ளாத வயதில் தாயையே தூக்கிக் கொண்டு காடு மேடெல்லாம் நடந்தார். 'அவன் பார்த்துக் கொள்வான்' என்று கை கட்டி நிற்கவில்லை. தன் செயலை அவர் ஒரு கைங்கரியமாகச் செய்தார்; பலனைத் தன் கணக்கில் எழுதிக் கொள்ளவில்லை. அதைக் காண அவர் உயிரோடும் இல்லை.

2020-இல் விமானங்கள் நின்றுபோயிருந்தபோது என் அம்மா ஊரில் மருத்துவமனையில் இருந்தார். மருத்துவரிடம் பேசுவது, பணம் அனுப்புவது, துணைக்கு ஆள் தேடுவது என்று இங்கிருந்து முடிந்ததையெல்லாம் செய்தேன். அது குரங்குக் குட்டியின் பிடி. எல்லாம் செய்து முடித்த பிறகும் இரவு மிச்சமிருந்தது. அந்த நேரத்துக்குப் பூனைக் குட்டியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இவை ஒன்றையொன்று மறுக்கும் வழிகளாக எனக்குத் தோன்றவில்லை. கைக்கு எட்டும் வரை பற்றிக் கொள்வது ஒன்று. எட்டாத இடத்தில் அச்சமின்றி விட்டுக் கொடுப்பது மற்றொன்று. 'காப்பாற்று' என்று கேட்பதோடு 'பயத்தை நீக்கு' என்றும் கேட்கலாம் என்பதை தேசிகர் காட்டியிருக்கிறார். துன்பம் தீரும் நாள் நம் கையில் இல்லை. அதுவரை நடுங்காமல் இருக்க முடிந்தால் அதுவும் பாதுகாப்புதானே!