மாரடைப்புக்குப் பின் நடை: ஏன்? எப்படி?

மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அங்கே தழும்புதான் மிஞ்சும். ஆனாலும் அன்றாட நடை இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. பழகிய கால் தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்வதால், அதே தூரத்துக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். ரத்தக் குழாய்களும் நன்றாக விரிந்துகொடுக்கின்றன.

முறையான மறுவாழ்வுப் பயிற்சி இந்தியாவில் சிலருக்கே கிடைக்கிறது. அதற்கு மாற்றாக யோகாவை 24 மருத்துவ மையங்களில் 3,959 பேரிடம் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக அது உறுதியாகக் காட்டவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டிருந்தது.

மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்காமல் திண்டுக்கல்லில் வீட்டில் இருந்தபடி தேறுபவருக்கு, மருத்துவர் சம்மதித்த பின், சமதரையில் ஐந்து நிமிட நடையே தொடக்கம். வாரங்கள் செல்லச் செல்ல அது அரை மணி நேரமாகலாம். 2023இல் மாவட்டந்தோறும் அரசு அமைத்த 8 கிலோமீட்டர் நடைபாதையை முழுதும் முடிக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் படிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு: பேச முடிய வேண்டும், பாட வராது. நாடியை நம்பக் கூடாது. மாரடைப்புக்குப் பின் வழக்கமாகத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை அதிகம் ஏறவிடாது. சித்திரை வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத்துக்கு இரட்டை வேலை, விடியற்காலையே உகந்தது. சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால் உடனே உட்கார வேண்டும். அடங்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.