பத்தினி ஏன் மாங்கனியில் பிறந்தாள்?

கண்டி எசல பெரஹராவில் ஐந்து ஊர்வலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியாக வருவது பத்தினி தேவாலயத்துடையது. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான். ஆனால் சிங்களச் சடங்குப் பாடல்களில் அவள் கதையைக் கேட்டால், சிலப்பதிகாரம் படித்தவர்கள் திகைத்துப்போவார்கள். அங்கே அவள் பாண்டியன் தோட்டத்து மாங்கனியிலிருந்து பிறந்தவள். கணவன் பாலங்க, அதாவது கோவலன், அவளைத் தொட்டதே இல்லை. வெட்டுண்டு கிடந்தவனை அவளே உயிர்ப்பிக்கிறாள்.

கதை ஏன் இப்படி மாறியது? பேராதனையில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு அங்கேயே கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1984இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி ஒரு பெரும் நூலே எழுதினார். அவர் எடுத்த கருவி ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு. சொல்ல முடியாத ஆசையும் அச்சமும் கனவில் மாறுவேடத்தில் வருகின்றன என்றார் ஃப்ராய்ட். வேடம் கட்டும் அந்த வேலைதான் ‘கனவுப்பணி’. தொன்மங்களிலும் அதே வேலை நடக்கிறது என்பது ஒபேசேகரவின் வாதம்.

மாங்கனியையே பாருங்கள். கருப்பையில் பிறக்காதவளுக்குப் பிறப்பின் தீட்டு இல்லை. கணவன் தொடாததால் அவள் கன்னி. ஆனாலும் மனைவி, அடியார்களுக்குத் தாய். பிள்ளை மனம் தாயைத் தூயவளாகவே வைத்திருக்க ஏங்குகிறது. அவளிடமிருந்து விலக்கிய காமம் மாதவியிடம் போய்ச் சேர்கிறது, சினம் காளியிடம். ஒரு தாய் மூன்று பெண்களாகிவிட்டாள்!

பத்தினி வழிபாட்டின் ‘அங்கெலிய’ சடங்கு இன்னும் வியப்பு. இரண்டு மான்கொம்புகளைக் கோத்து, ஒன்று முறியும்வரை இரு கட்சியினர் இழுப்பார்கள். ஆபாசப் பாட்டும் உண்டு. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களின் கொம்புமுறி இதன் உறவுதான். முறியும் கொம்பில் ஆண்மை இழக்கும் அச்சத்தைக் கண்டார் ஒபேசேகர. தனியொருவன் வாய்திறக்க முடியாத பயத்தை ஊரே கூடி விளையாடித் தீர்க்கிறது.

உளவியலாளர் யுங் வேறு வழி போனார். மனிதகுலத்துக்கே பொதுவாக மனத்தின் அடியில் கிடக்கும் உருவங்களை ‘ஆழ்படிமம்’ என்கிறோம். பெருந்தாய் அவற்றில் ஒன்று. தாய்த்தெய்வங்கள் எங்கும் இருப்பதற்கு அது விடை தரும். புகாரின் கண்ணகி கண்டியில் ஏன் மாறினாள் என்பதற்குத் தராது. அதற்கு அங்குள்ள வீடுகளுக்குள், மகன் தாயை ஒட்டியே வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒபேசேகர பார்த்தார், அதனால் அவர் வாசிப்பே எனக்கு ஆழமாகப் படுகிறது.

இந்தக் கண்ணோடு சிலம்பைத் திருப்பினால் புதுக் கேள்விகள் முளைக்கின்றன. இளங்கோ மாதவிக்கு மணிமேகலையைத் தந்தார், கண்ணகிக்குப் பிள்ளை தரவில்லை. பிள்ளைக்குப் பாலூட்டாத முலைதான் மதுரையை எரிக்கிறது. அது ஏன் என்று யாராவது விரிவாக எழுதினால், முதல் வாசகராக நான் காத்திருக்கிறேன்.