பத்து ஆட்டத்தில் எட்டுக் கோல்

குருநகர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தான் உயிரை விடும் கழகத்தின் பெயரைப் போடவேண்டாம் என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருப்பதால் போடவில்லை. போன வருட லீக்கில் அயலூர்க் கழகத்துக்காகப் பத்து ஆட்டத்தில் எட்டுக் கோல் போட்ட முன்கள வீரர் ஒருவரை, ஊரில் காசு சேர்த்து, கனடாவில் இருக்கிற பெடியளிடமும் வாங்கி, இந்த வருடம் தங்கள் பக்கம் எடுத்திருக்கிறார்கள். பத்து ஆட்டம் முடிந்தது, மூன்றே கோல். அவருக்காக ஊர்ப் பெடியன் ஒருவன் வாங்கில் குந்தியிருக்கிறான். "ஐயா, இஞ்ச வந்து சாப்பாடு கூடிப்போச்சோ, இல்லாட்டி எங்களை ஏமாத்துறாரோ? விஞ்ஞானத்திலே இதுக்கு ஏதும் விளக்கம் இருக்கோ?"

இருக்கிறது. சாப்பாட்டை விட்டுவிடுவோம்.

உதைபந்தாட்டத்தில் கோல் அரிதாகவே விழுகிறது. பிரித்தானிய விமானப்படைக் கணக்கு அதிகாரியாக இருந்த சார்ள்ஸ் ரீப், 1950 மார்ச்சில் ஓர் ஆட்டத்தின் நடுவில் கொப்பியும் பென்சிலும் எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். பிறகு அவர் நிறுத்தவேயில்லை. 1968இல் பெஞ்சமின் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, கோலை நோக்கி அடிக்கும் பத்து உதைகளில் ஏறக்குறைய ஒன்றுதான் உள்ளே போகிறது. (இதே ரீப்தான், பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன என்று கண்டு, பந்தைத் தூக்கி முன்னுக்கு அடியுங்கள் என்று ஒரு தலைமுறையையே கெடுத்தவர். பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.)

இனி ஒரு கற்பனை லீக். இருபது முன்கள வீரர்கள், அத்தனை பேரும் அச்சில் வார்த்தது போல ஒரே திறமை. ஆட்டத்துக்குச் சராசரி 0.4 கோல், அதாவது பத்து ஆட்டத்துக்கு நாலு. ஒருவருக்கொருவர் மயிரிழை வித்தியாசமும் இல்லை. ஆனால் பருவம் முடிந்து பட்டியலைப் பார்த்தால் எல்லோர் பெயருக்கு நேரேயும் நாலு இருக்காது. கோல் காப்பாளரின் விரல் நுனி, கம்பத்தின் உட்புறமா வெளிப்புறமா, மழைக்குப் பின் மைதானத்தில் ஒரு மேடு என்று சில்லறைக் காரணங்கள் ஆளுக்கு ஆள் வேறுவிதமாகச் சேரும். கணக்குப் போட்டால், அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் நிற்பார்கள். எட்டோ அதற்கு மேலோ எடுப்பது நூற்றில் ஐந்து பேர்தான். ஒருவருக்கு அது அபூர்வம். ஆனால் இருபது பேரில் யாராவது ஒருவருக்கு அது நடக்க 65 வீத வாய்ப்பு உண்டு.

எனவே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பருவங்களில் ஒரு 'நட்சத்திரம்' தானாகவே பிறந்துவிடும். பத்திரிகையில் படம் வரும், சுவரில் பதாகை ஏறும், காசு சேர்க்கத் தொடங்குவார்கள். அவரோ பழைய ஆள்தான், அதே 0.4 தான். அடுத்த பத்து ஆட்டத்தில் அவர் மூன்றோ அதற்குக் குறைவாகவோ எடுக்க 43 வீத வாய்ப்பு இருக்கிறது. திரும்பவும் எட்டோ அதற்கு மேலோ எடுக்க ஐந்து வீதம்தான். ஏமாற்றுக்காரர் இல்லாமலே ஏமாற்றம் வந்துவிடுகிறது.

உண்மை லீக்கில் எல்லோரும் சமமில்லை என்பீர்கள். சரி. அங்கே எட்டுக் கோல் போட்டவர் கெட்டிக்காரரும்தான், அந்த வருடம் அதிர்ஷ்டக்காரரும்தான். காசு கொடுத்தது இரண்டுக்கும் சேர்த்து. கழகம் மாறி வந்து சேர்ந்தது கெட்டிக்காரர் மட்டும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். இந்தக் கணக்கின் பெயர் புவாசோன் பரம்பல், 1837. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் எண்ணிக்கைக்கு அது பொருந்துவதை 1898இல் போர்ட்கிவிச் காட்டினார். நம் நட்சத்திரம் பழைய 0.4க்குத் திரும்புவதைப் போலவே, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதை 1886இல் கோல்ட்டன் எழுதினார். போதும்.

பாசையூர்க் கரையில் விடிய நின்று பாருங்கள். பத்து வள்ளம் வருகிறது. ஒன்றில் மட்டும் பாரை கூடை கூடையாக. ஏலம் கூறுகிற இடத்தில் எல்லார் கண்ணும் அந்த வள்ளத்தில்தான். அன்று அந்த மீனை வாங்குவது புத்தி. அந்த மீனைப் பார்த்துவிட்டு வள்ளத்தையே வாங்கினால்? நாளைக்கு அதே வள்ளம் அதே கடலில் அரைக் கூடையோடு வரும். இதுவரை ஒப்புமை நன்றாகவே ஓடுகிறது. இன்னும் இழுக்கலாம். களக்கடலில் பழகியவரை ஆழ்கடலுக்கு அனுப்பினால் அவருடைய வலையே பிழை. தலையால் அடிக்கிற வீரரை எடுத்துவிட்டுப் பந்தைத் தரையோடு அனுப்புவது போல. சோளகம் தொடங்கினால் மீன்பாடு மாறும், அணித்தலைவர் மாறினால் பந்து வரும் வழி மாறும். மேலும் இழுத்தால் அறுந்துவிடும். எந்தப் பாரையும் தன்னைப் பிடித்த சம்மாட்டியின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த கிழமை அவரை இரண்டு பேராக மறித்து நிற்பதில்லை. எதிரணிப் பின்கள வீரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

அது அதிர்ஷ்டம் அல்ல. எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. இங்கிலாந்தின் முன்கள வீரர் அண்டி கரோலை எடுங்கள். 2011 ஜனவரி 31இல் லிவர்பூல் அவரை 35 மில்லியன் பவுண் கொடுத்து நியூகாசிலிடமிருந்து வாங்கியது. அந்தப் பருவத்தின் 19 லீக் ஆட்டத்தில் அவர் 11 கோல் போட்டிருந்தார். லிவர்பூலில் 44 லீக் ஆட்டத்தில் ஆறு. இரண்டையும் கூட்டினால் 63 ஆட்டத்தில் 17, ஆட்டத்துக்குக் கால் கோலுக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் முதல் 19 ஆட்டத்துக்கு ஐந்து, பின்னைய 44க்குப் பன்னிரண்டு வரவேண்டும். 11 மிக அதிகம், ஆறு மிகக் குறைவு. தற்செயல் மட்டும் இவ்வளவு தூரம் இழுக்காது. வரும்போதே காயத்தோடு வந்தார், கணிசமான ஆட்டங்களில் மாற்று வீரராகவே இறங்கினார். அதே நாளில் லிவர்பூல் 50 மில்லியனுக்குச் செல்சிக்கு விற்ற பேர்னாண்டோ ரொறெஸ் முதல் கோல் போட நெடுநாள் எடுத்தார். அவருக்கும் முந்திய வருடம் முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. ஆனாலும் கரோல் விடயத்தில் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பது ஆட்டத்தைப் பார்த்து அவ்வளவு காசா?

வாங்கில் இருக்கிற பெடியன் விடயமும் இதோடு ஒட்டியதுதான். நோபல் பரிசு பெற்ற டானியல் கானமன், இஸ்ரேலிய விமானப் பயிற்றுநர்களைச் சந்தித்த கதையை எழுதியிருக்கிறார். பாராட்டினால் அடுத்த முறை பிழை விடுகிறான், ஏசினால் திருந்துகிறான் என்பது அவர்கள் அனுபவம். உண்மையில் மிக மோசமான பறப்புக்குப் பிறகு, ஏசினாலும் ஏசாவிட்டாலும், பெரும்பாலும் சற்று நல்ல பறப்பே வரும். இப்போது கோல் வறட்சியில் நிற்கிற வீரரை வெளியே இருத்தி, அந்தப் பெடியனை இறக்கிவிட்டு, இரண்டு ஆட்டம் கழித்து வீரரைத் திரும்ப இறக்கினால் அவர் கோல் போடக்கூடும். பயிற்றுநரின் மருந்து வேலை செய்தது என்று ஊர் சொல்லும்.

செயற்கை நுண்ணறிவு வீரரைத் தேர்ந்து தரும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கொடுக்க உங்கள் கழகத்திடம் காசு இல்லாதது நல்லது. அந்த மென்பொருள்களின் உள்ளே இருக்கிற நல்ல யோசனை மலிவானது: கோலை எண்ணாதே, உதையை எண்ணு. பத்து ஆட்டத்தில் நாலு கோல் எதிர்பார்த்தால் நியம விலகல், அதாவது சராசரியிலிருந்து வழமையாக விலகும் அளவு, இரண்டு. நாலில் பாதி. அதே நாலு கோலுக்கு அவர் நாற்பது தரம் அடித்திருப்பார். நாற்பதுக்கு விலகல் ஆறு சொச்சம். ஆறில் ஒரு பங்குதான். கோலை விட உதைக்கணக்கு ஆளை விரைவாகக் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில் என்பதையும் சேர்த்துக் குறித்தால் இன்னும் நல்லது. எல்லைக்கோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெடியனும் ஒரு சதுரறூள் கொப்பியும் போதும்.

இவ்வளவையும் யோசித்துவிட்டு வாசகருக்குப் பதில் எழுதினேன்: போன வருடம் அவர் எத்தனை தரம் கோலை நோக்கி அடித்தார், இந்த வருடம் எத்தனை தரம்? நாலாம் நாள் பதில் வந்தது.

"ரெண்டு வருசமும் ஒருத்தரும் எண்ணேல்லை ஐயா. ஆனா இந்த வருசம் அஞ்சு தரம் கம்பத்திலே பட்டது. அது எல்லாருக்கும் ஞாபகம்."