நூலின்பம் பகுத்துண்ணல்

வயிற்றுக்கு உணவு வேண்டுவது போலச் செவிக்கும் உணவு வேண்டும் என்பது வள்ளுவர் கொள்கை. வயிற்றுக்கிடும் உணவைப் பலரோடு பகுத்துண்டால் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் அளவு குறையும். ஆயினும், பகுத்துண்ணலையே நம் முன்னோர் தலையாய அறமாகப் போற்றினர். செவிக்குரிய உணவோ பகுக்கப் பகுக்கக் குறைவதன்று. கொடுப்பவரிடத்தும் வளரும், கொள்பவரிடத்தும் வளரும். அங்ஙனமிருந்தும், நல்ல நூலொன்றைப் படித்து மகிழ்ந்தவருள் பலர் அதனைப் பிறர்க்கு எடுத்துரையாது தம்முள்ளேயே அடக்கி வைத்துவிடுகின்றனர். தாம் இன்புறும் கல்வியால் உலகமும் இன்புறக் கண்டு, கற்றறிந்தவர் அதனை மேலும் விரும்புவர் என்பது திருக்குறள் கருத்து. ஆதலின், தாம் படித்துவரும் நூல் இன்னது, அதில் இன்பம் தந்த பகுதி இன்னது என்று ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லுதல் வீண்பேச்சன்று. அது கல்வியின் இன்றியமையாத கூறாகும்.

இவ்வுண்மையை நம் இலக்கண நூலார் கணக்கிட்டே காட்டியுள்ளனர். 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், மாணாக்கன் புலமை நிரம்பும் வகையை நன்னூற் பாயிரத்தில் விளக்குகின்றார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் மனத்திற் கொண்டாலும் நிரம்புவது காற்கூறே. உடன் கற்பாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்கூறு நிரம்பும். எஞ்சிய அரைக்கூறும், கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனாலேயே வந்தடையும். மாணவர்களே, இக்கணக்கைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். நான்கில் மூன்று பங்கு, பிறரோடு கூடி உரையாடுவதில் அடங்கியிருக்கின்றது. இதற்குக் காரணமும் உண்டு. படிக்கும்பொழுது நன்கு விளங்கியதாகத் தோன்றும் பொருள், அதனைப் பிறர்க்குச் சொல்லப் புகும்பொழுது நழுவி ஓடுகின்றது. அப்பொழுதே நாம் அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்பது நமக்குப் புலனாகின்றது.

யான் இந்நாட்களில் மீண்டும் படித்து மகிழ்ந்துவரும் நூல், டாக்டர் உ. வே. சாமிநாதையர் இயற்றிய 'என் சரித்திரம்' என்பதாகும். 1940ஆம் ஆண்டு முதல் 'ஆனந்த விகடன்' இதழில் தொடர்ந்து வெளிவந்த அந்நூல், 1942இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப் பெறாது நின்றது. ஒருவர் படித்த நூல்களைப் பற்றி மற்றொருவர் வினவியதனால் விளைந்த பெரும்பயனுக்கு, அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

1880ஆம் ஆண்டில் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பெருமை அவருக்கு உண்டு. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண அவர் சென்றார். யாரிடம் கற்றீர், என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியாரோ வியப்படையவில்லை. இவற்றை மட்டும் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டார். பின்னர், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அக்காலத்தில் அவற்றைப் பாடம் சொல்லுவாரும் அரியர். முழுமையான அச்சு நூலும் இல்லை.

முதலியார் வினவியதோடு நின்றுவிடவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் தந்து, அதனைத் தமக்குப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார். திருத்தக்க தேவர் சமணர். அவர் பாடிய காப்பியத்தில் ஐயருக்கு விளங்காத சமண சமயச் செய்திகள் பல இருந்தன. அவற்றை அறியும் பொருட்டுக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் ஒருவர் வீட்டுக்கு அவர் சென்றார். அன்று அவ்வீட்டு வாயிலில் கோலமும் மாவிலைத் தோரணமும் விளங்கின. சிறப்பு யாதென வினவியபொழுது, சிந்தாமணியைப் பல மாதங்களாகப் படித்து வந்து அன்று நிறைவு செய்ததாக அவர்கள் கூறினர். கல்லூரி ஆசிரியர்க்கே அரிதாயிருந்த ஒரு நூலை, அவ்வூரிலேயே ஒரு கூட்டத்தார் ஒன்றுகூடிப் படித்துத் தோரணம் கட்டி விழாக் கொண்டாடியிருக்கின்றனர்! அச்சமண நண்பர்கள் தம்மை நாடி வந்த ஐயருக்குத் தாம் அறிந்ததை ஒளிக்காமல் எடுத்துரைத்தனர்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் இயற்றிய உரை மற்றொரு வாயிலைத் திறந்துவிட்டது. அவ்வுரையாசிரியர் தாம் கற்ற பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் பலவற்றை எடுத்துக் காட்டியிருந்தார். அவை எந்நூலைச் சார்ந்தவை என்று தேடியபொழுதே, சங்க நூல்களின் செல்வம் ஐயர் கண்முன் விரிந்தது. 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. ஐயரது அயரா உழைப்பே இதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வுழைப்பு எனும் விளக்கை ஏற்றிய சிறுதிரி, ஓர் அன்பர் கேட்ட கேள்வியன்றோ?

எடுத்துரைப்பாரின்றி ஒழிந்த நூல்களின் நிலை இரங்கத்தக்கது. பனையோலைச் சுவடி என்றென்றும் நிலைத்திருப்பதன்று. பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். ஆதலால் பழுதுறும் முன்னரே அதனைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுதல் வேண்டும். ஒரு நூலை விரும்பிக் கேட்பார் இல்லையெனின், அதனைப் பெயர்த்தெழுத யார் முன்வருவர்? ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இவ்வுலகை விட்டு நீங்கின. இன்று அவற்றுள் நமக்கு எஞ்சியிருப்பன சில பாடல்களே. அச்சில பாடல்களும் எவ்வாறு பிழைத்தன? உரையாசிரியர்கள் அவற்றை மேற்கோளாக எடுத்தாண்டனர். 'புறத்திரட்டு' என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் தம் உள்ளங் கவர்ந்த செய்யுட்களைச் சேர்த்து வைத்தார். முத்தொள்ளாயிரத்துள் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைத்தமையும் புறத்திரட்டின் உதவியாலேயே ஆகும். படித்து இன்புற்றவர் பிறர்க்கு எடுத்து வழங்கிய பகுதி நின்றது. வழங்காத பகுதி மறைந்தது. இதனினும் தெளிந்த சான்று வேறு வேண்டுமோ?

இனி, படித்த நூலை எடுத்துரைக்கும் முறையையும் அறிதல் வேண்டும். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் முதலிற் பிழையின்றிக் கூறுக. நூல் எதனைப் பற்றியது என்பதை இரண்டொரு வாக்கியங்களில் உரைக்க. பின்னர், உள்ளத்தைத் தொட்ட ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அஃது ஏன் இனித்தது என்பதை விளக்குக. காரணம் கூறாது, மிக நன்று என்று மட்டும் சொல்லுதல் பயனற்றது. கதையாயின் முடிவை வெளியிடற்க. கேட்போர் தாமே கண்டு மகிழ வேண்டிய இன்பத்தை நாம் பறித்தல் முறையன்று. விளங்காத இடம் உண்டெனின் அதனையும் கூசாது கூறுக. கேட்போருள் ஒருவர் அதனை விளக்கக்கூடும். இத்தனை நூல்கள் படித்தேன் என்று எண்ணிக்கை காட்டிப் பெருமிதம் கொள்ளற்க. தாம் சொல்லி முடித்தபின், பிறர் படிக்கும் நூல் யாதெனக் கேட்டு, அவர் உரைப்பதைச் செவிமடுத்தல் வேண்டும். இரவல் பெற்ற நூலைக் கறைபடாமற் காத்து, உரிய நாளில் திருப்பித் தருதலும் இவ்வறத்தின் பாற்பட்டதே.

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் உளர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் திங்கள்தோறும் ஒரு நூலைப் படித்து, அதனை வகுப்பில் எடுத்துரைத்தால், பத்துத் திங்களில் நானூறு நூல்களின் செய்தி வகுப்பினர் அனைவர்க்கும் எட்டும். ஒருவர் தனித்துப் படித்தாலோ அறிவது பத்து நூல்களே. நானூறனுள் ஏதேனும் ஒன்று, கேட்கும் மாணவர் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றியமைக்கும் நூலாகவும் இருக்கலாம். அது யாருடைய வாயிலிருந்து வரும் என்பதை எவரும் முன்னரே அறிய இயலாது.

ஆகவே, மாணவர்களே, நண்பரைக் காணும்பொழுது நலம் உசாவுவதோடு, அவர் படித்துவரும் நூலையும் உசாவுங்கள். நீங்கள் படித்து மகிழும் நூலை மறைக்காது அவருக்கு உரையுங்கள். பேசப்படும் நூல் வாழும். நூல்கள் வாழ மொழியும் வாழும்.