சுண்ணாம்பும் விரல்ரேகையும்

பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்மார்ட்போன்களிலும் இன்று பக்கவாட்டுப் பொத்தானில் விரல்ரேகை சென்சார் வந்துவிட்டது. ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறவருக்கு அது தொட்டவுடன் திறக்கிறது. ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ தோல் பதனிடும் டேனரியில் நாளெல்லாம் ஈரத்தோலைக் கையாளுகிறவருக்கு அதே போன் அடிக்கடி மக்கர் செய்யும். "ரேகை எடுக்கலை" என்று விரலைத் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்து, கடைசியில் நம்பரை அழுத்தித்தான் திறக்க வேண்டும். மலிவான போன், அதனால்தான் இப்படி என்று பழி போன்மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம் இருப்பது சுண்ணாம்புத் தொட்டியில்.

முதலில் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதன் மேல்பூச்சுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்தகடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு மேலே தோல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மின்னேற்றத்தால் அளக்கிறது. ரேகையின் மேடு தகட்டை ஒட்டி நிற்கும். பள்ளத்தில் கொஞ்சம் காற்று இருக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள தூரமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். இந்த மேடுபள்ள வித்தியாசத்தைக் கொண்டே போன் ஒரு படத்தை வரைகிறது. மேடு தேய்ந்துவிட்டாலோ பள்ளம் நிரம்பிவிட்டாலோ படம் கலங்கிவிடும்.

மேடு ஏன் தேய்கிறது? டேனரியில் உப்பிட்டு வரும் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஊறவைத்து உப்பைப் போக்கிய பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் போடுகிறார்கள். முடி போக வேண்டும், தோல் மிஞ்ச வேண்டும். அதுதான் அங்கே நடக்கும் காரியம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டினின் இழைகளைக் கந்தகப் பாலங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சல்ஃபைடு குறிவைத்து உடைப்பது அந்தப் பாலங்களைத்தான். பாலம் உடைந்ததும் முடி கூழாகிவிடும். முடிக்குக் கீழே இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் இந்தக் கந்தகப் பாலங்கள் இல்லை. அதனால் அது தப்பிக்கிறது. பிறகு குரோமியம் ஏறிச் செருப்பாகவும் ஷூவாகவும் நமக்கு வந்து சேருகிறது. முடி நீக்கும் கிரீம்களும் இதே பாலங்களைத்தான் உடைக்கின்றன.

நம் விரல்நுனியின் மேலடுக்கும் கெரட்டின்தான். அதன் அடியில் நமக்கும் கொலாஜன்தான். ஆட்டுத்தோலில் எந்தப் புரதம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்தக் கரைசலைக் கலக்கிறோமோ, அதே புரதத்தில்தான் தொழிலாளியின் ரேகை எழுதப்பட்டிருக்கிறது. கையுறை கிழிந்திருந்தாலும், கையுறையே இல்லாவிட்டாலும், தொட்டி ஆட்டுத்தோலுக்கும் மனிதத் தோலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஷூவின் மேல்பகுதியான அப்பருக்குப் பசை தடவி மடித்து ஒட்டுகிறவர்களின் விரலில் பசை காய்ந்து, ரேகையின் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது.

ஆறுதலான சேதி ஒன்று உண்டு. இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய வியப்பும் அதுதான். ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை. மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் இடத்தில், தாயின் வயிற்றிலேயே பதிந்துவிட்ட வடிவம் அது. மேலே தேய்ந்தாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல்தோல் புதிதாக வளர்ந்து வந்து அதே கோடுகளை அதே இடத்தில் எழுப்பிவிடும். உள்தோல்வரை ஆழமான காயம் பட்டால்தான் வடிவம் மாறும். வேலைக்குப் போகாமல் சில வாரம் வீட்டில் இருந்தவருக்குப் போன் ஒழுங்காகத் திறப்பதற்குக் காரணம் இதுதான்.

ரேகையோடு தொல்லை முடிவதில்லை. தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில் ஒளிபுகும் கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அருகில் வந்தால் கோடுகள் வெட்டும் இடத்தில் மின்னேற்றம் துளி குறையும். அந்தக் குறைவைத் தேடித்தான் போன் நம் விரலைக் கண்டுபிடிக்கிறது. உப்புத்தண்ணீர் நல்ல மின்கடத்தி. ஈரக்கையால் தொட்டால் அது திரையில் பரவி, ஒரு விரலைப் பல விரலாகவோ, விரலே இல்லாததாகவோ காட்டிவிடும். தடித்த ரப்பர் கையுறை போட்டால் விரல் தூரமாகிவிடுகிறது. சில போன்களின் செட்டிங்ஸில் திரையின் உணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கிறது. மெல்லிய கையுறைக்கு அது உதவும்.

சார்ஜ் ஏறும்போது திரை தானாகவே எதையோ அழுத்துகிறது என்ற புகாருக்குச் சார்ஜரைப் பாருங்கள். தரமில்லாத சார்ஜர் அனுப்பும் மின்இரைச்சல், விரல் உண்டாக்கும் அந்தச் சின்ன மாற்றத்தையே மூழ்கடித்துவிடும். வேலூர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பல போன்களுக்கு 35 டிகிரி வரைதான் சுற்றுப்புற வெப்பம் ஏற்றது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இங்கே கோடையில் அது 40-ஐத் தாண்டும். சூட்டில் பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும். அதைத் தடுக்கத்தான் போன் சார்ஜ் ஏறுவதைத் தானே மெதுவாக்கிக்கொள்கிறது.

போன் திறக்காவிட்டால் நம்பரை அழுத்திக்கொள்ளலாம். ஆனால் 2020 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிலும் ரேகை கேட்கிறார்கள். தேய்ந்த விரலோடு அங்கே வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்கக் கருவியில் திரும்பத் திரும்ப விரலை அழுத்துவது ஒரு மனிதருக்குத் தேவையில்லாத அவமானம். கரைசலின் வேதியியல் தெரிந்தவர்களாவது அந்தக் கையைக் குறை சொல்லாமல் இருக்க வேண்டும்.

டேனரியில் இருப்பவர்கள் போனில் ரேகை பதியும்போது அதிகம் வேலை செய்யாத கையின் விரலைத் தேர்ந்தெடுங்கள். அதே விரலை இரண்டு முறை, இரண்டு பெயரில் பதியுங்கள். வேலை முடிந்த கையைக் கழுவி, நன்றாகத் துடைத்தபின் பதியுங்கள். போன் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாராகிறது; அதே சாலையில் மேற்கே வந்தால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. உங்கள் சென்சாரைச் சோதிக்கும் விரல்களின் பட்டியலில் இந்த ஊர்க்காரர்களின் விரல்களையும் சேருங்கள்.